காசு கரியாகாம டேஷ்போர்டு லைட் மாத்தணுமா
பழைய கார்ல நைட்டு மீட்டர் முள்ளே தெரியலன்னு புலம்புறவங்களுக்கு சொல்றேன், ஆக்சஸரீஸ் கடைல ஆயிரக்கணக்குல கொட்ட வேணாம், உள்ள இருக்கறது பெரும்பாலும் டி5 இல்லன்னா டி10 சைஸ் குட்டி பல்புதான், அதே சைஸ்ல எல்இடி சென்னைல புதுப்பேட்டைலயோ ஜிபி ரோட்லயோ சல்லிசா கெடைக்கும்.

மொதல்ல பேட்டரி நெகட்டிவ கழட்டிருங்க. மீட்டர வெளிய எடுத்தா பின்னாடி பிளாஸ்டிக் ஹோல்டர், லேசா திருகினா கையோட வந்துரும். எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு, எரியலன்னா தூக்கி போடாம திருப்பி மாட்டி பாருங்க. மீட்டர் ஷீட்லயே பச்சை ஃபில்டர் இருந்தா செவப்பு எல்இடி போட்டு பிரயோஜனமே இல்ல, ஃபில்டர் செவப்ப அப்படியே முழுங்கிரும், இருட்டாதான் இருக்கும். வெள்ளை போடுங்க.

ஒரே ஒரு பல்ப மட்டும் தொடாதீங்க, பேட்டரி படம் போட்ட சார்ஜிங் லைட். நெறைய பழைய வண்டில அந்த பல்பு வழியா போற கரண்ட்தான் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர எழுப்பி விடுது, அங்க எல்இடி மாட்டினா கரண்ட் பத்தாம சார்ஜே ஏறாம போகலாம், அப்புறம் எலக்ட்ரீசியன் கிட்ட தான் அலையணும்.

கால் வைக்கிற எடத்துக்கு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டறவங்க பார்க்கிங் லைட் லைன்ல ஒரு ஃபியூஸ் வெச்சு எடுங்க. மஞ்ச கனெக்டர் பக்கம் போகவே வேணாம், அது ஏர்பேக்.

அப்புறம் அந்த நீலக் கலர் வேணாம்யா, ஆம்னி பஸ் உள்ள உக்காந்த மாதிரி கண்ணு கூசுது. பிஎம்டபிள்யூகாரனே வருஷக்கணக்கா ஆரஞ்சு தான் போட்டான்.