தென்றல் என்று நினைத்தது

காரை விட்டு இறங்கியதும் முகத்தில் அறைந்ததை இட்லிப் பானை ஆவி என்று சொல்ல முடியாது. அதிலாவது ஈரம் இருக்கும். இது செங்கல் சூளை. 2020 ஜனவரி 4, சனிக்கிழமை. சிட்னிக்கு மேற்கே பென்ரித்தில் அன்று 48.9 டிகிரி. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு ஊழியராக இருந்தேன். எனக்கு மதியப் பணி.

புகை எங்களுக்குப் பழகியிருந்தது. அக்டோபர் கடைசியில் மின்னல் விழுந்து பற்றிய காஸ்பர்ஸ் மவுண்டன் காட்டுத்தீ 5 லட்சம் ஹெக்டேரைத் தாண்டி எரிந்துகொண்டிருந்தது. டிசம்பரில் ஒருநாள், வெளியிலிருந்து வந்த புகைக்கே உள்ளே தீ அபாய மணி அடித்துவிட்டது. விதிப்படி எல்லாரையும் சக்கர நாற்காலியில் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். முற்றத்தில்தான் புகை அதிகம். இருமி இருமி எல்லாரும் திரும்பி வந்தோம். அதற்கப்புறம் மேலிடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை, வெளியேறச் சொன்னால் கிளம்புவதற்காக ஆளுக்கொரு தலையணை உறையில் சாமான் கட்டினோம். மருந்துப் பட்டியல், கண்ணாடி, காது மிஷின், ஒரு மாற்று உடை. பல்செட் டப்பாக்கள்தான் பெரிய வேலை. எல்லாம் ஒரே நீல நிறம். மூடியில் எழுதியிருந்த பெயர்கள் கழுவிக் கழுவி அழிந்திருந்தன. யாருடைய பல் யாருடையது என்று இரண்டு பேர் அரைமணி நேரம் பார்த்தோம்.

கடைசி அறையில் ஒரு பெரியவர். நாற்பது வருஷம் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்தவர். இல்லத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மனசுக்குள் எனக்கு அவர் தாத்தா. "ராத்திரி தெற்குக் காற்று வந்துவிடும், ஜில்லென்று ஆகிவிடும்" என்றேன், ஆறுதலாக. பள்ளியில் படித்தது: வடக்கிலிருந்து வந்தால் வாடை, மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல். கோடையை நாள் முழுக்கத் தின்றாயிற்று, இனி தென்றல்தானே?

அவர் தட்டிலிருந்த வெண்ணெய்க் கத்தியை எடுத்து மேசையில் வைத்தார். "தீ இப்படித்தான் இருக்கும், நீளமாக. வடமேற்குக் காற்று தள்ளும்போது இந்த முனை மட்டும்தான் ஓடும். தெற்குக் காற்று வந்ததும்..." கத்தியைப் பக்கவாட்டில் தள்ளினார். முழு நீளமும் மேசைமேல் நகர்ந்து வந்து என் கையில் முட்டியது. விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று காட்டுத்தீயில் 173 பேர் செத்தார்களே, அன்றும் சாயங்காலம் காற்று திரும்பியது என்றார்.

இரவு காற்று திரும்பியது. வெப்பம் சட்டென்று இறங்கியது. பின்வாசலில் நின்ற, கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் கைதட்டினார்கள்; நானும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றேன், பொய் சொல்வானேன். எங்கள் பக்கம் வெளியேறச் சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை. தலையணை உறைகளைப் பிரிக்கத் தொடங்கினோம்.

தாத்தா தூங்கவில்லை. "போனைப் பார்" என்றார். தீயணைப்புத் துறையின் செயலியில் நீலம், மஞ்சள், சிவப்புக் குறிகள். தெற்கே, ஷோல்ஹேவன் பக்கமிருந்து வடக்கு நோக்கி ஒரு சிவப்பு ஏறியிருந்தது.

"எந்த ஊர்?"

"விங்கெல்லோ."

சின்ன ஊர் என்றார். அப்புறம் ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.