வெட்டுத்துண்டுக் கொப்பி

பதினான்கு வருடமாக யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தில் டிசைன் வேலை செய்கிறேன். கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் வரும். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது கல்வெட்டுத்தான். வெளியூர்க்காரர் கருங்கல்லையும் உளியையும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்குக் கல்வெட்டு என்று பெயர். உள்ளே தேவாரம், திருவாசகம், திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். அட்டையில் போட்டோ, குத்துவிளக்கு, தாமரை, பின்னால் நீல முகில்.

அந்த முகில் பல வருடத்துக்கு முன் இன்டர்நெட்டில் இறக்கியது. ஒரே கிழமையில் மூன்று பேரை அதே முகிலில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒருநாள் ஒரு ஐயா கடைக்கு வந்து, ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டாருக்கு நாங்கள் அடித்த இரண்டு கல்வெட்டுகளை மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "தங்கச்சி, போட்டோவை மட்டும்தான் மாத்தியிருக்கிறியள் போல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதற்காக உடனே திருந்திவிடவில்லை. என்னைத் திருத்தியது மின்வெட்டு. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் இல்லை. கணினி செத்துக் கிடந்தது. டொலர் இல்லாததால் கடதாசியும் இறக்குமதியாகவில்லை. பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள், அச்சகத்தைப் பற்றி என்ன சொல்ல. அதுவரை சாக்கில் கட்டி எடைக்குப் போட்ட கடதாசி வெட்டுத்துண்டுகளை முதலாளி அண்ணை பீரோவில் வைத்துப் பூட்டத் தொடங்கினார்.

அவரிடம் ஒரு கட்டு வாங்கி, சும்மா இருந்த நேரத்தில் ஒரு கொப்பி தைத்தேன். பைண்டிங் அண்ணை பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தார். கடதாசிக்கும் மரம் மாதிரி நார் ஓடும் திசை இருக்கிறது. ஒரு துண்டை நெடுக்காகவும் குறுக்காகவும் கிழித்துப் பார்த்தால் ஒரு பக்கம் நேராகக் கிழியும், மற்றப் பக்கம் கோணிக்கொண்டு போகும். நேராகக் கிழிகிற திசையில் மடித்தால்தான் கொப்பி ஒழுங்காக மூடும். நான்கு தாளை ஒன்றாக மடித்தால் 16 பக்கம். அப்படி ஆறு கட்டு, நடுவில் நூல், மேலே ஒரு பழைய கலண்டர் மட்டை. அவ்வளவுதான் செலவு.

வெட்டுத்துண்டு என்பதால் எல்லாத் தாளும் கலந்து கிடந்தன. பளபளப்பான ஆட் பேப்பரில் பென்சில் வழுக்கும்; ஜெல் பேனை காயவே காயாது, மணிக்கட்டெல்லாம் மை. மெல்லிய 60 ஜிஎஸ்எம் தாளில் கீறினால் பின்பக்கத்தில் பேய் மாதிரித் தெரியும். கொஞ்சம் தடித்த 100 ஜிஎஸ்எம் தாளில் சாதாரண போல்பொயின்ற் பேனைதான் எனக்குச் சரிவந்தது. அழிறப்பர் வேலை செய்யாது என்பது அதன் பெரிய வசதி. கணினியில் வேலை செய்து செய்து எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது: ஒரு கோடு போட்டால் நாலு தரம் பின்னுக்குப் போய் அழிப்பேன். பேனையோடு அந்தச் சேட்டை விட முடியாது.

முதல் மாதம் கீறியதெல்லாம் போஸ்ட்கார்ட். நல்லூர்க் கோபுரம், பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், பண்ணைப் பாலத்தில் சூரியன் விழுவது. எதுவும் என்னிடம் ஒட்டவில்லை. நூலகத்தின் குவிமாடத்தை மூன்று முறை கீறினேன், மூன்றும் பால்சோற்றுக் குவியல். இப்போது யோசித்தால், அவற்றை நான் பார்க்கவேயில்லை. ஏற்கெனவே மனதில் இருந்த படத்தைப் பார்த்துக் கீறிக்கொண்டிருந்தேன். 2007 இல் கப்ரியேல் கம்பனாரியோ என்ற பத்திரிகைச் சித்திரக்காரர் தொடங்கி, இப்போது உலகமெல்லாம் பரவியிருக்கிற நகரச் சித்திரக்காரர் கூட்டம் ஒன்று உண்டு. இருக்கும் இடத்தில் இருந்து, கண்ணால் பார்த்துக் கீறவேண்டும் என்பது அவர்களின் முதல் விதி. கேட்கச் சின்ன விசயம் மாதிரி இருக்கும். கண்ணை ஒரு பொருளில் இருபது நிமிடம் வைத்திருந்து பாருங்கள், தெரியும்.

அப்புறம் ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவந்த அம்மா கூடவே கடகமும் (பனையோலையில் பின்னிய கூடை) கொண்டுவந்தார், போகிற வழியில் சந்தைக்குப் போவதற்காக. அவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அதைக் கீறுவோம் என்று தொடங்கினேன். மூன்று நாள் பிடித்தது. கடகத்தின் அடி சதுரம், வாய் வட்டம். பிறந்த நாளில் இருந்து பார்க்கிற சாமான், இது எனக்குத் தெரியாது! சதுரம் எந்த இடத்தில் வட்டமாகிறது என்று தேடித் தேடிக் கோடு போட்டேன். ஓலைகள் நெடுக்கும் குறுக்குமாகப் போகவில்லை, சரிவாக ஏறுகின்றன. அடியின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சரிவுகள் சந்தித்து, அங்கிருந்து பக்கம் எழும்புகிறது. மேலே வர வர மூலை மறந்துபோய், விளிம்பில் நார் சுற்றிக் கட்டும்போது வட்டமாகிவிடுகிறது. அம்மாவிடம் கேட்டால், "உதென்ன பெரிய விசயம், ஓலை தானா வளையும்" என்கிறார்.

அந்த மூலை எட்டு மாதம் கொப்பிக்குள் சும்மா கிடந்தது. பிறகு ஒரு பெண், "பொன் நிறப் பூக்கொடி வேண்டாம், வேறை ஏதாவது" என்று கலியாணக் கார்டுக்கு வந்தார். பக்கம் புரட்டும்போது மூலை கண்ணில் பட்டது. கார்டின் நாலு மூலையிலும் அந்தச் சரிவுப் பின்னல், நடுவுக்கு வர வர அவிழ்ந்து வெறும் கோடு. கணினியில் அரை மணித்தியால வேலை. முதலாளி அண்ணை பார்த்துவிட்டு, "எங்கையிருந்து இறக்கினனி?" என்று கேட்டார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை.

சின்ன வயதிலும் எனக்கு ஒரு சித்திரக் கொப்பி இருந்தது. போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, ஊரோடு ஊராக நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தபோது அம்மா அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் எடுத்தார். எனக்கு ஒன்பது வயது. கொப்பி மேசையில் இருந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது கதவு நிலையே இல்லை, கொப்பியை யார் தேடுவது. அதில் என்ன கீறியிருந்தேன் என்பதும் மறந்துபோயிற்று, ஜாம் போத்தல் விளக்கு ஒன்றைத் தவிர. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு என்பதால் ஒரு ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய், திரி. அந்தச் சுடரில்தான் எங்கள் வகுப்பே படித்தது. சுடரைக் கீற மஞ்சள் பென்சில் இல்லாமல் அழுத ஞாபகம்.

இனிச் சைக்கிள் கதை. மின்வெட்டோடு சேர்ந்து பெற்றோல் வரிசையும் வந்ததால், 2022 இல் யாழ்ப்பாணம் மறுபடி சைக்கிளில் ஏறியது. எங்கள் கடைவாசலில் மட்டும் பதினொரு சைக்கிள் நிற்கும். ஓர் இரவு இருட்டில் இருந்துகொண்டு ஞாபகத்தில் ஒரு சைக்கிள் கீறினேன். விடிய எடுத்துப் பார்த்தால் செயின் முன்சில்லுக்குப் போகிறது. இருபது வருடமாகச் சைக்கிள் ஓடியவள் நான்! பிறகுதான் அறிந்தேன், ஜியன்லூக்கா ஜிமினி என்ற இத்தாலி டிசைனர் 2009 இல் இருந்து கண்டவர்களிடம் எல்லாம் ஞாபகத்தில் சைக்கிள் கீறித்தரச் சொல்லி வாங்கி, நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறார். பெரும்பாலானவை ஓடவே ஓடாத சைக்கிள்கள். கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் ரோசத்தில் ஒரு மாதம் நாளுக்கொரு சைக்கிளாக வாசலில் இருந்து கீறினேன். மரக்கறிக் கூடை கட்டியது, பார் வளைந்தது, சீற்றுக்குப் பொலித்தீன் பை போட்டது, பிள்ளைச் சீற் வைத்தது.

போன வருடம் ரொறன்ரோவில் இருந்து ஒரு அக்கா அழைத்தார். சண்டிலிப்பாயில் அப்பா காலமாகிவிட்டார், கல்வெட்டு அடிக்கவேண்டும். நாற்பது வருடம் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதினவர், ஒருநாளும் பஸ்ஸில் ஏறவில்லையாம். "அப்பாவுக்குச் சைக்கிள் எண்டா உயிர் தங்கச்சி" என்று சொல்லி விம்மினார். முகிலைத் திறக்கப் போன கையை எடுத்துவிட்டுக் கொப்பியைத் திறந்தேன். எங்கள் வாசலில் நின்ற ஒரு பழைய ராலி சைக்கிள் அதில் நன்றாக வந்திருந்தது. அதை ஸ்கான் பண்ணி, சுவரில் சாத்தி நிற்கிற மாதிரி, ஆள் இல்லாமல், வெள்ளை அட்டையில் தனியாக வைத்து அனுப்பினேன்.

அக்காவுக்குப் பிடித்தது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கேதான் பிரச்சினை. லண்டனில் இருக்கிற மூத்தவர், "அட்டையில சைக்கிளோ? சனம் சிரிக்கப்போகுது, விளக்கைப் போடச் சொல்லு" என்றார். இரண்டு நாள் இழுபட்டது. பழைய கல்வெட்டுகளில் என்ன செய்தார்கள் என்று பார்க்க, 2005 இல் இருந்து எங்கள் ஊர்ப் புத்தகங்களைச் சேர்த்து இணையத்தில் வைத்திருக்கிற 'நூலகம்' என்ற தளத்தில் போய் ஒரு முழு இரவு இருந்தேன். சண்டைக்கு உதவவில்லை, ஆனால் நேரம் நன்றாகப் போனது. முடிவு: முன்னட்டைக்கு விளக்கும் தாமரையும், ஆம், முகிலும். பின்னட்டைக்குச் சைக்கிள். 300 பிரதி.

கடைப் பொடியன் வராததால் நானே ஸ்கூட்டியில் கொண்டுபோனேன். ஐயாவின் மனைவி விறாந்தையில் இருந்தார். கட்டைப் பிரித்து ஒன்றைக் கொடுத்தேன். முன்பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"ஆர் பிள்ளை இது கீறினது?"

"நான்தான் அம்மா."

"வடிவாத்தான் கீறியிருக்கிறீர். ஆனா டைனமோவை முன்சில்லில வைச்சிட்டீர். இவற்ற பின்சில்லிலதான்."

கன சைக்கிளில் முன்னுக்குத்தானே அம்மா என்று இழுத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"சண்டை நேரம், கரண்ட் இல்லாத காலத்தில நாங்கள் எப்பிடி பிபிசி தமிழோசை கேட்டனாங்கள் எண்டு நினைக்கிறீர்? சைக்கிளை ஸ்ராண்டில விட்டு, இவர் கையால பெடலைச் சுத்துவார், நான் றேடியோவைக் காதில வைச்சிருப்பன். பெடலைச் சுத்தினா முன்சில்லு சுத்துமே பிள்ளை?"

சுற்றாது. முப்பது நாள் முப்பது சைக்கிள் கீறின எனக்கு அது தோன்றவில்லை. 300 பிரதியும் காலடியில் இருக்கிறது.

சைக்கிள் வீட்டின் பின்தாழ்வாரத்தில் இன்னும் நிற்கிறது என்றார். இரண்டு சில்லும் காற்றுப்போய், கரியரில் ஒரு சாக்கு. நான் கொப்பியை எடுத்துத் தென்னங்குற்றியில் இருந்தேன். அவர் கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னால் நின்றார். இந்த முறை பெடலில் தொடங்கினேன். பெடலில் இருந்து செயின், செயினில் இருந்து பின்சில்லு, சில்லில் உரசிக்கொண்டு டைனமோ, அதில் இருந்து தொங்குகிற ஒரு வயர். வெட்டுத்துண்டுத் தாள் ஒடுக்கம். வயர் பாதி போக விளிம்பு வந்துவிட்டது.

"மற்றத் தாளில றேடியோவையும் கீறும்" என்றார் அவர். "பொறும், உள்ளுக்கு இருக்குது, எடுத்துக்கொண்டு வாறன்."