கிடை போட்ட தரிசில் அசல் பஃப்பால்!

பஃப்பால் என்றால் குடை விரியாமல் உருண்டையாகவே முளைக்கிற காளான். இதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் அதைப் போலவே தெரியும் தைல மரத்தடி எர்த்பால்தான். அறிவியல் பெயர் ஸ்கிளெரோடெர்மா, மர வேரோடு கூட்டு வைத்து வாழ்கிற ஜாதி. தைலந்தோப்பில் தேடினால் அதுதான் வரும். இந்த ஐப்பசி மழைக்கு ரூட்டை மாற்றி, அழகர்கோவில் பக்கம் மாமா ஆட்டுக்கிடை போட்டிருந்த தரிசில் இறங்கினேன். (காப்புக்காட்டு எல்லைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் கை வைப்பதில்லை.) புல்லுக்குள் எலுமிச்சை அளவில், வழுவழுவென்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது.

வெட்டுதான் எல்லாம். உச்சியிலிருந்து அடி வரை, நட்ட நடுவாக. குறுக்கே வெட்டிவிட்டு "உள்ளே வெள்ளைதான், பஃப்பால்" என்று போட்டோ போடுகிறவர்களைக் கண்டால் எரிச்சலாக வருகிறது. கொடிய விஷக் காளான்கள் இருக்கிற அமானிட்டா இனத்தின் விரியாத மொட்டும் உள்ளே வெள்ளைதானே! நெடுக்காக நடுவில் போனால்தான் குடை, தண்டு, குடைக்கு அடியில் இருக்கும் செவுள் மடிப்பு எல்லாம் கோட்டுருவமாகத் தெரியும். ஓரமாகப் போனால் அதுவும் தப்பிவிடும். காய்கறிக் கத்தி சதையை இழுத்து அந்தக் கோட்டையே மழுப்பிவிடுகிறது. எனக்குச் சவர பிளேடுதான் சரி. புது பிளேடு, ஒரே இழுப்பு. கூட்டத்தில் ஒன்றை வெட்டிப் பார்த்து மற்றதை நம்பவும் கூடாது. பக்கத்தில் முளைத்தது வேறாக இருக்கலாம்.

வெட்டிய எதிலும் கோடு இல்லை. பனீர் மாதிரி ஒரே வெள்ளை, தோலும் மெல்லிசு. எர்த்பாலாக இருந்தால் தடித்த தோலே காட்டிக்கொடுத்திருக்கும். உள்ளேயும் சீக்கிரமே கருஊதா ஏறிவிடும்.

என்ன இனம் என்பதுதான் பாக்கி. சிலதைப் பறிக்காமல் விட்டிருக்கிறேன், முற்றினால் உள்ளே வரும் ஸ்போர் தூளின் (காளானுக்கு விதை மாதிரி) நிறம் பார்க்க. ஊதா கலந்த பழுப்பு என்றால் கால்வேஷியா சயதிஃபார்மிஸ் என்ற பஃப்பால் இனத்தின் பக்கம் போகலாம்; ஆலிவ் பழுப்பு என்றால் கதையே வேறு. அந்தத் தூளை முகத்தருகே தட்டி விளையாடாதீர்கள், மூச்சில் நிறைய ஏறினால் நுரையீரல் அழற்சி வரும்.

அத்தை குழம்பு வைக்கலாமா என்று கேட்டார். பேர் தெரியாதது சட்டியில் ஏறாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

ஸ்போர் சில மைக்ரான்தான். என்னிடம் இருக்கும் ஃபோல்ட்ஸ்கோப் (மடித்துச் செய்யும் காகித மைக்ராஸ்கோப்) 140 மடங்கு காட்டும். அதில் புள்ளி தெரிகிறது, புள்ளி மேல் முள் இருக்கிறதா என்பது தெரியவில்லை. எண்ணெய்ச் சொட்டு வைத்து இன்னும் பெரிதாகப் பார்க்கும் ஆயில் இம்மர்ஷன் லென்ஸோடு பழைய காலேஜ் மைக்ராஸ்கோப் ஒன்று தருவதாக ஒரு கடைக்காரர் சொல்லி, இன்று நாளை என்று இழுத்தடிக்கிறார். அதுவரை வெட்டிய பாதிகள் டேபிள் ஃபேன் முன்னால் காய்கின்றன. பாலிதீன் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும், பேப்பர் பைதான் லாயக்கு. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டை யாரும் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு வேண்டும். கார்த்திகையில் சிறுமலை, லைகோபெர்டான் என்கிற இன்னொரு வகை பஃப்பால் தேடி.