மூன்றாவது காலாண்டு அறிக்கை

இன்சூரன்ஸ் சர்வேயர் ஆவதற்கான பன்னிரண்டு மாதப் பயிற்சி முடிந்த அன்று ராத்திரி, எல்லாக் காகிதத்தையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். முதல் காலாண்டு அறிக்கை இருந்தது. இரண்டாவது இருந்தது. நான்காவது இருந்தது. மூன்றாவதைக் காணவில்லை. நகல் மட்டும்தான் இல்லை என்று நினைத்தேன். விசாரித்தால், அறிக்கையே போய்ச் சேரவில்லை. "நானே அனுப்பிடறேன் அம்மிணி, நீங்க மில்லுக்குக் கிளம்புங்க" என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. அது அவருடைய மேசை இழுப்பறையில் கையெழுத்து இல்லாமல் அப்படியே கிடந்தது.

அறிக்கை போகாததால் அந்த மூன்று மாதத்தை மறுபடி செய்தேன். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது. இன்சூரன்ஸ் சர்வேயர் (காப்பீட்டு இழப்பை மதிப்பிடுபவர்) லைசென்ஸ் எடுக்க நினைக்கும் நம் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்துப் பெண்களுக்காக நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் டெக்ஸ்டைல் பி.டெக். சூலூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் தரக்கட்டுப்பாட்டில் நான்கு வருடம் இருந்தேன். ஒருநாள் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் தீ. பஞ்சோடு வந்த இரும்புத் துண்டு, பஞ்சை அடித்துப் பிரிக்கும் பீட்டர் உருளையில் அடிபட்டுப் பொறி கிளம்பிவிட்டது. மறுநாள் இழப்பை மதிப்பிட வந்தவருக்கு எந்த மெஷின் என்ன வேலை செய்கிறது என்று தெரியவில்லை. நான்தான் கூடவே நடந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்த வேலையை நானே செய்யலாமே என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

விதிமுறை எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. பொறியியல் பட்டம் போதும். சர்வேயர்களுக்கான ஐஐஐஎஸ்எல்ஏ அமைப்பில் மாணவ உறுப்பினர் ஆகி, லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் பன்னிரண்டு மாதம் பயிற்சி எடுத்து, இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவின் பரீட்சை எழுதினால் இன்சூரன்ஸ் துறையைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ லைசென்ஸ் தரும். ஆனால் பயிற்சி கொடுக்க ஆளை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவர், "தீ எப்பவும் ராத்திரிலதானுங்க புடிக்கும், உங்களுக்கு ஆகாதுங்க" என்றார். இன்னொருவர் வண்டி இழப்பை மதிப்பிடும் மோட்டார் துறைக்குப் போகச் சொன்னார். ஒர்க்‌ஷாப்புக்குப் பகலில் போனால் போதுமாம். மூன்றாமவர் போனையே எடுக்கவில்லை. நான்காமவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வண்டி ஓட்டுவீங்களா?"

அந்த நான்காமவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். காகித விஷயத்தில் அவரை நம்பியது என் தப்பு. தொழில் விஷயத்தில் அவரைப் போல ஒருவர் எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டார். பஞ்சுக் குடோன் எரிந்த இடத்தில் முதல் நாளே எனக்கு ஒரு கம்பியைக் கொடுத்துச் சாம்பலைக் கிளறச் சொன்னார். பேல் (பஞ்சுப் பொதி) எரிந்து போகும், அதைக் கட்டியிருந்த இரும்புப் பட்டை எரியாது. எரியாமல் நிற்கும் பேலில் எத்தனை பட்டை என்று பார்த்துக்கொண்டு, சாம்பலில் கிடக்கும் பட்டைகளை எண்ணி வகுத்தால் எத்தனை பேல் போயிற்று என்று வந்துவிடும். ஒரு பேல் 170 கிலோ. அதை வைத்து எடைக் கணக்கு. வெளியே வெள்ளையாக இருக்கும் பேலை நம்பக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் சுடும். பஞ்சு உள்ளுக்குள்ளே நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

சரி, அடுத்த அடி. மறுபடி மூன்று மாதம் முடித்து விண்ணப்பத்துக்கு உட்கார்ந்தால், என் பெயரே மூன்று விதமாக இருந்தது. பட்டச் சான்றிதழில் அப்பா இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக. கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றிய ஆதாரில் கணவர் இனிஷியல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று தாலுகா அலுவலகத்தில் சான்று வாங்கலாம் என்று யாரோ சொல்ல, ஒருநாள் வேலையை விட்டுப் போய்க் காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டு, "இதெல்லாம் இங்க குடுக்கறதில்லைங்க, வக்கீலைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இதைப் பத்து மணிக்கே சொல்லியிருக்கலாம். நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆதாரையும் பழைய இனிஷியலுக்கே மாற்றிக்கொண்டேன். மாணவ உறுப்பினர் ஆவதற்கு முன்பே எல்லா அட்டையிலும் பட்டச் சான்றிதழில் உள்ள பெயரையே வைத்துவிடுங்கள். இனிஷியலை மாற்றச் சொல்லி வீட்டில் வற்புறுத்தினால், லைசென்ஸ் கைக்கு வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை பாஸ். 2019-ல் லைசென்ஸ் வந்தது.

லைசென்ஸ் வந்ததும் வேலை வந்து குவியும் என்று எண்ண வேண்டாம். முதல் ஒரு வருடம் சின்னச் சின்ன இழப்புகள்தான். பயிற்சிக் காலத்தில் அறிக்கை எழுதியது நான், கையெழுத்து அவருடையது; அது பழகிப்போனதால் லைசென்ஸ் வந்த பிறகும் சீனியர்களுக்கு எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். அதை நிறுத்த எனக்கு இரண்டு வருடம் ஆனது. நீங்கள் உடனே நிறுத்துங்கள். முதல் படியான லைசென்ஷியேட்டிலிருந்து அசோசியேட், அப்புறம் ஃபெல்லோ என்று மேலே போக உங்கள் கையெழுத்தில் போன வேலைதான் கணக்கு. முதல் சர்வேயிலிருந்து தேதி, பாலிசி வகை, இழப்புத் தொகை எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்கட்டும்.

அசோசியேட் ஆன பிறகு, 2022-ல் பல்லடம் பக்கம் ஒரு குடோன் தீ. கூட்டு சர்வே, பொறுப்பு என்னுடையது. ஸ்பாட்டில் நின்றிருந்த இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி என்னைப் பார்த்து, "சீனியர் எப்ப வர்றாருங்க?" என்றார். "நான்தாங்க" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டினேன். (பெண்கள் அளவில் சேஃப்டி ஷூ காந்திபுரத்தில் மூன்று கடையில் கேட்டும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.)

பாலிசி, சிறு தொழில்களுக்கான பாரத் லகு உத்யம் சுரக்ஷா. சரக்குக்கு 1.5 கோடி காப்பீடு, இழப்பு 40 லட்சம். பேங்குக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட்டில் சரக்கு 2 கோடி. அதை அப்படியே எடுத்தால் ஆவரேஜ் விழுந்து, அதாவது காப்பீடு குறைவாக இருக்கும் அதே விகிதத்தில் இழப்பீடும் குறைந்து, 40 லட்சம் 30 லட்சமாகிவிடும். மில்லுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "என்ன கண்ணு, கட்டின பிரீமியமெல்லாம் வீணா?" என்று கேட்டபடி குடோன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டேட்மென்ட் மாதக் கடைசியில் கொடுத்தது. தீப்பிடித்தது அடுத்த மாதம் 22-ம் தேதி. நடுவில் மில் ஓடியிருக்கிறது, பஞ்சு செலவாகியிருக்கிறது. கொள்முதல் பில், மிக்ஸிங்குக்குக் கொடுத்த பதிவேடு, இ-வே பில் எல்லாவற்றையும் எடுத்து உட்கார்ந்தோம். நிற்கும் பேலை எண்ணினோம், சாம்பலில் பட்டையை எண்ணினோம். எண்ணி முடிக்க மூன்று நாள். பதிவேடும் பட்டையும் இரண்டே பேல் வித்தியாசத்தில் ஒத்துப்போயின. தீப்பிடித்த அன்று சரக்கு 1.7 கோடிதான். காப்பீடு 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் அந்தப் பாலிசியில் ஆவரேஜ் போட மாட்டார்கள். இங்கே குறைவு 12 சதவீதம்கூட இல்லை. இழப்பிலிருந்து ஆவரேஜ் என்று ஒரு ரூபாயும் பிடிக்கத் தேவையில்லை என்று எழுதி, அப்போதிருந்த 30 நாள் கெடுவுக்குள் அறிக்கையைக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துதான் முதலில். அந்தப் பட்டைக் கணக்கின் மேல் கேள்வி வரும் என்று காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

இப்போது அவிநாசி ரோட்டில் சின்னதாக ஒரு அலுவலகம். என்னிடம் இரண்டு பெண்கள் பயிற்சியில் இருக்கிறார்கள், ஒருத்தி கோபியிலிருந்து வருகிறாள். போன வாரம் அவளுடைய மூன்றாவது காலாண்டு அறிக்கை. அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே படித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஸ்கேன் எடுத்து அவளையே அனுப்பச் சொன்னேன். கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் இரண்டு பேரும் சாப்பிடப் போனோம்.