கொல்லையில் உரத்தொட்டி: சருகு சேர்த்த ஒரு வருஷம்

வீட்டுக் கொல்லையில் உரம் போட ஆரம்பித்து ஒரு முழுச் சுற்று முடிந்திருக்கிறது. திருச்சி வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி மழை மூன்றையும் தொட்டி பார்த்துவிட்டது. கொஞ்சம் இடம் இருக்கிறது, செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். தொட்டி என்ன மாதிரி, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். கையில் சருகு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் கொல்லையில் ஒரு வேம்பு, ஒரு மாமரம், இரண்டு தென்னை, கிணற்றடியில் வாழை. வாசலில் தெருவோரமாகப் புங்கமரங்கள். சமையலறைக் கழிவு வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் வரும். சருகு அப்படி இல்லை. மாசி, பங்குனியில் வேம்பும் புங்கமும் போட்டி போட்டு உதிர்க்கும். அதன் பிறகு துளிர் விட்டுவிட்டால் பெருக்கக்கூட ஒன்றும் இருக்காது. அதனால் அந்த இரண்டு மாதத்தில் கிடைப்பதை, அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கிற மாதிரி, வருஷத்துக்கும் சேர்த்து வைத்துவிட வேண்டும். நான் பழைய அரிசிச் சாக்குகளில் அடைத்து, மழை படாமல் மாடிப்படிக்குக் கீழே அடுக்கினேன்.

ஏன் சருகு? காய்கறித் தோல், டீத்தூள், மிஞ்சின கீரை எல்லாம் தழைச்சத்து (நைட்ரஜன்) நிறைந்தவை, ஈரமும் அதிகம். மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்ய ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமச்சத்து (கார்பன்) வேண்டும். சமையலறைக் கழிவில் அது 15, 20 தான் இருக்கும். காய்ந்த இலையில் 40 முதல் 80 வரை, தென்னை நார்க்கழிவில் 100க்கும் மேலே. இரண்டையும் கலந்தால்தான் கணக்கு சரியாக வரும். கணக்கை விடுங்கள், இன்னொன்றும் இருக்கிறது: வெறும் காய்கறிக் கழிவு ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும், உள்ளே காற்றுப் போகாது. சருகு நடுவில் இருந்தால் இடுக்கு கிடைக்கும். தொட்டி நாறுகிறது என்று கைவிட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சருகோ மரத்தூளோ எதுவும் போட்டிருக்க மாட்டார்கள்.

என்னிடம் இரண்டு தொட்டிகள். ஒன்று நீல நிற 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். ரசாயனம் வந்த டிரம் வேண்டாம் என்று கேட்டு, ஊறுகாய் வந்ததாகப் பார்த்து வாங்கினேன். அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, சுற்றிலும் துளை போட்டு, மாமர நிழலில் நேரடியாக மண் மேல் வைத்தேன். அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை. இதைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் பெருச்சாளி ஒரே ராத்திரியில் அடியைக் குடைந்துவிடும், கோழிவலையெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. இன்னொன்று, வீடு கட்டி மிஞ்சின செங்கல்லைக் கலவை பூசாமல் இடைவெளி விட்டு அடுக்கின தொட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய 1 மீட்டர். முன்பக்கம் மட்டும் பலகை, தேவைப்படும்போது எடுத்துவிடலாம்.

டிரம் தினப்படிக்கு. காலையில் சமையல் முடிந்ததும் ஒரு கிண்ணம் கழிவு போட்டால் அதே கிண்ணத்தால் இரண்டு கிண்ணம் சருகு, அவ்வளவுதான். கழிவு வெளியே தெரியக் கூடாது என்பது ஒரே விதி. வாரத்துக்கு ஒரு முறை புளித்த மோர் கொஞ்சம் தெளிப்பேன். எண்ணெய் மிதக்கிற குழம்பு, எலும்பு, மீன் கழிவு, நாய் பூனை எச்சம் எதையும் போடுவதில்லை. மீன் கழுவின கழிவைத் தென்னை மரத்திலிருந்து தள்ளி ஆழமாகக் குழி எடுத்துப் புதைக்கிறோம். கொட்டாங்குச்சி, மாங்கொட்டை மட்க ரொம்ப நாள் ஆகும், அவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டேன். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கடைசிவரை ஓடாகவே கிடக்கும்.

டிரம் நிரம்பியதும் அதைச் செங்கல் தொட்டிக்கு மாற்றுகிறேன். அங்கேதான் நிஜமான வேலை நடக்கிறது. அடியில் முருங்கைக் குச்சி, சுள்ளி என்று காற்று போகிற மாதிரி ஒரு அடுக்கு. மேலே அரை அடிச் சருகு, வெட்டின புல், வாழை மட்டைத் துண்டு, டிரம்மில் பாதி மட்கினது, சாணிக் கரைசல், பழைய தோட்டத்து மண் ஒரு கூடை. திரும்பவும் அதே வரிசை. இது புதிய முறை இல்லை. ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கிப் புரட்டி மட்க வைத்த முறை இது. இன்றைக்கும் இந்தூர் முறை என்றுதான் சொல்கிறார்கள். பிறகு 1939ல் பெங்களூரில் ஆச்சார்யா என்ற விஞ்ஞானி வகுத்த முறையில் குழியை மண் பூசி மூடிவிடுவார்கள், புரட்டுகிற வேலை இல்லை, ஆனால் மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். புரட்ட உடம்பில் தெம்பு இருக்கிறவர்கள் இந்தூர் பக்கமே போகலாம் என்பது என் கட்சி. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடிகிறதே!

தொட்டி நிறைந்த இரண்டாம் நாள் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்தேன். மறுநாள் காலை உருவிப் பிடித்தால் கை வைக்க முடியவில்லை. நீளக் காம்புள்ள வெப்பமானி வாங்கிக் குத்திப் பார்த்தபோது முள் 60 டிகிரியைத் தொட்டு நின்றது. வெளியே சித்திரை வெயில், ஆனால் இது வெயிலால் வந்த சூடு இல்லை. விடிகாலையிலும் அதே சூடு. நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கிற வேகத்தில் பிறக்கிற சூடு அது. 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நின்றால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும். இதற்கு என் தோட்டத்திலேயே சாட்சி உண்டு. டிரம்மில் அளவு குறைவு, அவ்வளவு சூடு ஏறாது. அதிலிருந்து நேராக எடுத்துப் போட்ட இடத்தில் தக்காளியும் பூசணியும் தானாக முளைத்து வருகின்றன. செங்கல் தொட்டி உரம் போட்ட பாத்தியில் அப்படி ஒன்றும் முளைக்கவில்லை.

சூடு இறங்கியதும் முன்பலகையை எடுத்துவிட்டு, நாலு பல் உள்ள இரும்பு வாரியால் புரட்டினேன். வெளியே இருந்தது உள்ளே, உள்ளே இருந்தது வெளியே போக வேண்டும். முதல் தடவை புரட்டும்போது மேலிருந்து ஒரு சாண் ஆழத்தில் சருகு மேல் எல்லாம் சாம்பல் கலந்த வெள்ளைப் பூச்சு. பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டதோ என்று எங்கள் அம்மா கவலைப்பட்டார். அது ஆக்டினோமைசீட்ஸ் என்கிற நுண்ணுயிர்க் கூட்டம். சருகின் கடினமான நாரை உடைக்கிறவை அவைதான். முதல் மழையில் மண் வாசனை வருகிறதே, அதற்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளையும் அவைதான் உண்டாக்குகின்றன. உரம் பக்குவமானால் மண் வாசனை வரும் என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை.

சித்திரை, வைகாசியில் தொட்டி காய்ந்துபோவதுதான் பெரிய தொல்லை. செங்கல் இடைவெளி வழியாக அனல் காற்று புகுந்து ஓரமெல்லாம் உலர்ந்துவிடும், மட்குவது நின்றுபோகும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து பார்ப்பேன். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. தாரையாக ஒழுகினால் அதிகம், உதிர்ந்துபோனால் தண்ணீர் போதவில்லை. அரிசி கழுவின தண்ணீர் முழுக்க இரண்டு மாதமும் அங்கேதான் போனது. மேலே ஈரச் சாக்கு.

இலைகளில் வேப்பஞ்சருகுதான் சீக்கிரம் மட்கினது. சிறு இலை, மெல்லிய இலை. கசப்பு நுண்ணுயிரைக் கொன்றுவிடாதா என்று பலர் கேட்டார்கள்; என் தொட்டியில் அப்படி ஒரு தடையும் தெரியவில்லை. மாவிலைதான் பிடிவாதக்காரி. மெழுகுப் பூச்சு உள்ள தடித்த இலை, முழுசாகப் போட்டால் மாதங்கள் கழித்தும் நரம்பு எண்ணலாம். பங்குனி மத்தியானத்தில் மொறுமொறு என்று காய்ந்திருக்கும்போது சாக்கில் பாதி நிரப்பி, வாயைக் கட்டி, ஏறி மிதித்தால் நொறுங்கிவிடும். காலையில் பனி ஈரத்தோடு மிதித்தால் மடங்குமே தவிர உடையாது.

வைகாசியில் டிரம்மைத் திறந்தால் உள்ளே புழுக்கள் நெளிந்தன. பலர் கைவிடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டு ஈயின் புழு சிறியது, வெள்ளை, ஒரு முனை கூராக இருக்கும். என் டிரம்மில் இருந்தவை தட்டையாக, வரி வரியாக, மங்கின பழுப்பு நிறத்தில், பெரியவை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். வளர்ந்த ஈ குளவி மாதிரித் தெரியும். கடிக்காது, சோற்றில் வந்து மொய்க்காது. புழு மட்டும் ஈரக் கழிவை அசுர வேகத்தில் தின்னும். கூட்டுப்புழுவாகும் பருவத்தில் தானே ஊர்ந்து வெளியேறிவிடும். அப்படி வெளியேறினவற்றைப் பொறுக்க மைனாக்களும் ஒரு செண்பகமும் கொல்லைக்கு வர ஆரம்பித்தன. நான் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. மேலே கூடுதலாகச் சருகு போட்டதோடு சரி.

செங்கல் தொட்டியில் பார்த்தது வேறு. ஆனியில் புரட்டும்போது கட்டைவிரல் தடிமனில், உடம்பு வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள், தலை மட்டும் செம்பழுப்பு. தென்னை இருக்கிற ஊரில் இதைச் சும்மா விடக் கூடாது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவதே எருக்குழியிலும் மக்கின மரத்திலும்தான். புழு அங்கே மாதக் கணக்கில் வளர்ந்து, வண்டாகித் தென்னங் குருத்தைக் குடையும். என் உரத்துக்காகப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் தென்னை போகக் கூடாதில்லையா. புரட்டும்போதெல்லாம் பொறுக்கி எடுத்து அழித்தேன். எருக்குழிகளில் இந்தப் புழுக்களைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலந்து ஊற்றச் சொல்லி வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அதையும் வாங்கிக் கரைத்து ஊற்றினேன். தொட்டி முழுக்க மெல்லிய நைலான் வலை போட்டு மூடிய பிறகு புதுப் புழுக்கள் குறைந்தன. தென்னை வைத்திருக்கிறவர்கள் உரத்தைப் புரட்டாமல் வருஷக் கணக்கில் விட்டுவைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனிக் கடைசியில் மணல் சலிக்கிற சல்லடையில் சலித்தோம். தொட்டி நிறைய இருந்தது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, கையில் ஒட்டாமல். சல்லடையில் நின்ற குச்சியும் மாவிலை நரம்பும் அடுத்த சுற்றுக்குத் திரும்பப் போயின. நேராகச் செடிக்குப் போடாமல் ஒரு தொட்டியில் உரமும் மண்ணும் கலந்து தட்டைப்பயறு ஊன்றினேன். உரம் பக்குவப்படாமல் இருந்தால் முளை வராது, வந்தாலும் வெளுத்துப் போகும். இதில் நன்றாகவே வந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். கத்தரிக்கும் வெண்டைக்கும் மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு இந்த உரம், வாழைக்கு அடியைச் சுற்றி இரண்டு கூடை. வெறும் உரத்திலேயே நட வேண்டாம், அது சீக்கிரம் அமுங்கி இறுகிவிடுகிறது.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தபோதுதான் மாடிப்படிக்குக் கீழே இருந்த சாக்குகளின் அருமை முழுசாகத் தெரிந்தது. அந்த மாதத்தில் ஊரில் ஒரு காய்ந்த இலை கிடையாது, கழிவோ வழக்கத்தைவிட ஈரம். டிரம்மில் அழுகின முட்டை நாற்றம் ஒரு நாள் எட்டிப் பார்த்தது. நாற்றத்தில் இரண்டு வகை உண்டு. மூக்கைக் குத்துகிற அம்மோனியா வாடை என்றால் தழைச்சத்து அதிகம், சருகு போட்டால் போதும். அழுகின முட்டை வாடை என்றால் காற்று இல்லை, கிளறித்தான் ஆக வேண்டும். அடிவரை கிளறி ஒரு சாக்குச் சருகை அப்படியே கலந்தேன், இரண்டு நாளில் அடங்கிவிட்டது. செங்கல் தொட்டிக்கு மேல் பழைய பிளக்ஸ் பேனரைச் சரிவாகக் கட்டி, கீழே ஒரு சாண் இடைவெளி விட்டேன். மழையும் விழாது, மூச்சும் முட்டாது.

இன்னொன்று சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. மாசி, பங்குனிக் காலையில் எங்கள் தெருவில் மூன்று நாலு இடத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்துவார்கள். பொதுவிடத்தில் குப்பையை எரிக்கக் கூடாது என்று 2016ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். புகையில் எதிர்வீட்டுத் தாத்தா இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவார். அதே சமயம் அதே வீடுகளின் ஈரக் கழிவு வண்டி ஏறிப் போகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் உரம், பிரித்து வைத்தால் ஒன்று புகை, இன்னொன்று குப்பைக்கிடங்கில் மீத்தேன். தெரு பெருக்க வருகிற அக்காவிடம் சருகைக் கொளுத்தாமல் என் வீட்டு வாசலில் போடச் சொன்னேன். "இதை வச்சு என்னம்மா பண்ணப்போற?" என்று கேட்டார். கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கம்பியை உருவிக் கையில் கொடுத்தேன். சூட்டைப் பார்த்துவிட்டு, "சரி, மூட்டையாவே கட்டிக் கொண்டாந்து போடறேன்" என்றார். சொன்னபடி போட்டுக்கொண்டும் இருந்தார், மரம் துளிர் விடும்வரை.

இப்போது கார்த்திகை. படிக்குக் கீழே பாதிச் சாக்குகள் காலி, மீதி தை வரை தாங்கும் என்று தோன்றுகிறது. வருகிற மாசிக்குள் கொல்லை மூலையில் கம்பி வலையால் ஒரு சருகுக் கூண்டு கட்ட வேண்டும். ஆள் உயரத்துக்கு இருந்தால் எதிர்வீட்டுச் சருகும் சேர்த்துக் கொள்ளும். வலைக்கும் நாலு கம்பத்துக்கும் விலை விசாரித்தாகிவிட்டது.