வந்தாங்களா, வந்துச்சா?

டப்பிங் வசனம் எழுதுகிறவனுக்குக் கௌபாய் படம் என்றால் கொஞ்சம் நிம்மதி. பாதிப் பேர் தாடி மீசையோடு இருப்பார்கள், மீதிப் பேர் தொப்பியைக் கண்வரை இறக்கி விட்டிருப்பார்கள். உதடு எங்கே மூடுகிறது என்று பார்த்துப் பார்த்து அங்கே ஒரு 'ப'வோ 'ம'வோ பொறுக்கி வைக்கிற வேலை பாதியாகக் குறையும். பேய்ப் படமும் அப்படித்தான். பேச்சை விடக் கத்தல் அதிகம். கத்தலை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இரண்டும் கலந்த படம் ஒன்று வந்தபோது மூன்று நாளில் எழுதித் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

படத்தின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சொன்னாலும் நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரு மரவீடு, ஒரு கிணறு, ஏழு நடிகர்கள், ஐந்து குதிரைகள். வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஓடிவரும் நான்கு பேர், பொட்டல்வெளியில் தனியாக இருக்கும் ஒரு விதவையின் வீட்டில் தங்குகிறார்கள். அவளுடைய இரண்டு குழந்தைகள் அந்த வருஷக் குளிரில் இறந்துபோயின. வெளியே எதுவோ சுற்றுகிறது. அவ்வளவுதான் கதை. படம் எடுத்தவர்கள் கையில் எவ்வளவு காசு இல்லை என்பது முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. நடுராத்திரிக் காட்சியில் குதிரையின் காலடியில் அதன் நிழல் கறுப்பாக, வெட்டி ஒட்டினாற்போல விழுந்திருந்தது. வெயிலில் எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, நீலமாக்கி ராத்திரி என்று சொல்லிவிடுகிற 'டே ஃபார் நைட்' உத்தி. பாலைவனத்துக்கு ஜெனரேட்டரும் விளக்குகளும் கொண்டுபோக வசதியில்லாதவர்கள் காலம் காலமாகச் செய்தது.

இன்னொரு வறுமையும் இருந்தது. வசனத்தை நீக்கிவிட்டு இசையும் சத்தங்களும் மட்டும் உள்ள டிராக்கை டப்பிங்குக்கு என்று தனியாக அனுப்ப வேண்டும். இவர்கள் அனுப்பவில்லை. அவர்களிடமே அது இல்லை. இங்கிலீஷ் பேச்சை வெட்டினால் கூடவே காற்று போய்விடுகிறது, பூட்ஸ் சத்தம் போய்விடுகிறது, கதவின் கிறீச்சும் போய்விடுகிறது. எங்கள் எஃபெக்ட்ஸ்காரர் குளம்படிக்குக் கொட்டாங்குச்சியை எடுத்தார். காற்றுக்கு, முந்தின வருஷம் ஒரு அம்மன் படத்துக்குப் போட்டதையே எடுத்துப் போட்டார். "காத்துக்கு ஊர் ஏது சார்?" என்றார். உண்மைதான், நன்றாகவே பொருந்தியது.

வார்த்தைகளுக்கு நான் எங்கும் அலையவில்லை. என் வயதுக்காரர்கள் பலருக்கு அமெரிக்காவின் மேற்குப் பகுதி சிவகாசியிலிருந்துதான் வந்து சேர்ந்தது. லயன், முத்து காமிக்ஸ் வழியாக ஷெரீஃபும் செவ்விந்தியரும் புகைச் சமிக்ஞையும் தமிழாகவே மனதில் பதிந்திருந்தன. இத்தாலிக்காரர்கள் 1948-இல் தொடங்கிய டெக்ஸ் வில்லர் கதைகளிலேயே மெஃபிஸ்டோ என்று ஒரு மந்திரவாதி வருவான். துப்பாக்கிக்காரனும் பில்லிசூனியமும் ஒரே பக்கத்தில் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. அதனால் ரொம்பத் தெம்பாகத்தான் ரெக்கார்டிங்குக்குப் போனேன்.

ஒன்பதாவது நிமிஷத்தில் மாட்டிக்கொண்டேன். குண்டடி பட்ட கொள்ளைக்காரன் ஒருவன் சன்னலோரம் படுத்துக்கொண்டு, ஆற்றங்கரையிலிருந்தே அவர்கள் பின்தொடர்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு வரி பேசுகிறான். "ஆத்துலேர்ந்தே அதுங்க நம்ம பின்னாடியே வருது" என்று எழுதியிருந்தேன். குரல் கொடுக்க வந்தவர் இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர், வில்லன்களாகவே பேசிப் பழகியவர். மைக்கிலிருந்து முகத்தை விலக்கினார்.

"தம்பி, இவன் பயப்படுறது ஆளுக்கா, வேற எதுக்காவதா?"

"வேற ஒண்ணுக்குண்ணே. ஆனா அது கடைசிலதான் தெரியும்."

"அப்ப இவனுக்கு எப்படி இப்பவே தெரிஞ்சுது?"

பதில் இல்லை. படத்தில் அறுபத்தோராவது நிமிஷம்வரை எல்லோரும், துரத்துவது ஷெரீஃபின் ஆட்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தவன். குரல் கொடுப்பவர் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறார், அதனால் அவர்தான் அந்தப் படத்தின் முதல் தமிழ் ரசிகர். அவரிடம் ஒரு மணிநேரத்து ரகசியத்தை ஒரே 'அதுங்க'வில் போட்டு உடைத்திருந்தேன். சரி, 'அவங்க' என்று மாற்றினால்? அது பொய் சொல்வது. பின்னால் இன்னொரு பாத்திரம் இதே வரியைத் திருப்பிச் சொல்லும்போது அர்த்தம் மாறியிருக்க வேண்டும், வார்த்தை மாறியிருக்கக் கூடாது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. மனிதர்களானாலும் மாடுகளானாலும் அதில் பன்மைக்கு 'தே' (they) என்று ஒரே பிரதிப்பெயர்தான். நமக்கு அப்படியில்லை. வாயைத் திறந்ததுமே உயர்திணையா அஃறிணையா என்று சொல்லியாக வேண்டும். பெயரை விழுங்கினாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்: வந்தாங்க, வந்துச்சு. கேள்வியாக்கினாலும் தப்ப முடியாது, யாரு என்றால் ஆள், என்ன என்றால் ஆளில்லை. அன்று மதியம் டீக்கடையில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த நன்னூலை நினைவுபடுத்திப் பார்த்தேன். 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்கிறார் பவணந்தி. நரகத்தில் கிடப்பவர்களுக்குக்கூட மரியாதை உண்டு. ஆனால் நம் பேச்சில் மோகினி வந்தாள், பேய் வந்தது. முனீஸ்வரன் வந்தார் என்போம், அவரைப் போய் வந்துச்சு என்று சொல்லிப் பாருங்கள்.

ரெக்கார்டிங்கை இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு நாள் வாடகை யார் தலையில் விழுந்தது என்பது வேறு கதை. இந்த வகைப் படங்கள் சிலவற்றை உட்கார்ந்து பார்த்தேன், மற்றவர்கள் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று.

1966-இல் வந்த 'பில்லி த கிட் வெர்சஸ் டிராகுலா'வில் சமாளிக்க ஒன்றுமே இல்லை. யாரோடு சண்டை என்பது தலைப்பிலேயே இருக்கிறது. இயக்கிய வில்லியம் போடினுக்கு 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர், ஒரு காட்சியை இரண்டாம் தடவை எடுக்க மாட்டாராம். எட்டு நாளில் முடித்தார்கள் என்கிறார்கள், பார்த்தால் நம்பலாம். ஜான் கேரடைன் டிராகுலாவாகப் பட்டப்பகலில் நடமாடுகிறார். கடைசியில் பில்லி சுட்ட குண்டுகள் எதுவும் வேலை செய்யாமல் போக, கைத்துப்பாக்கியையே தூக்கி அவர் மேல் எறிகிறான், அவர் விழுந்துவிடுகிறார். சிரித்துவிட்டேன். பயம் மட்டும் வரவில்லை.

'நியர் டார்க்' வேறு ரகம். 1987-இல் கேத்ரின் பிகலோ ஒரு வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம், எடுக்கத்தான் நினைத்தார். வெஸ்டர்னுக்குப் பணம் போட ஆளில்லாத காலம். அதனால் ரத்தக்காட்டேரிக் கதையைக் கலந்தார். அந்தப் படத்தில் 'வாம்பயர்' என்ற சொல்லை ஒருவர்கூட உச்சரிப்பதில்லை. ரத்தம் குடிக்கிறார்கள், வெயில் பட்டால் எரிகிறார்கள், ஆனால் பெயர் கிடையாது. நானாக இருந்தால் மூன்றாவது காட்சியிலேயே 'காட்டேரி' என்று எழுதியிருப்பேன். ரசிகனுக்குப் புரிய வேண்டுமே என்கிற நம் வியாதி அது.

என்னை அதிகம் உலுக்கியது ஜே.டி. பெட்டி எழுதி இயக்கிய 'த பரோவர்ஸ்', 2008. கதை நடப்பது 1879-இல், டகோட்டா பிரதேசத்தில். ஒரு குடும்பம் காணாமல் போகிறது. தூக்கிப் போனவர்கள் செவ்விந்தியர்கள்தான் என்று ஒரு கூட்டம் குதிரையேறித் தேடப் போகிறது. கையில் சிக்கிய ஒருவனை ராணுவத்தார் சித்திரவதை செய்கிறார்கள். உண்மையில் தூக்கிப் போனவை மண்ணுக்கடியில் வாழும் பிராணிகள். அவை காட்டெருமைகளைத் தின்று பிழைத்தவை. வெள்ளைக்காரர்கள் எருமைகளைச் சுட்டுத் தீர்த்துவிட்டதால் மனிதர்கள் பக்கம் திரும்பிவிட்டன. எருமைகளைத் தீர்த்தது கற்பனையில்லை. கோடிக்கணக்கில் மேய்ந்தவை 1880-களின் முடிவில் சில நூறாகக் குறைந்தன. படத்தின் குரூரமே அந்த ஒரு பிரதிப்பெயரில் இருக்கிறது. செவ்விந்தியரைச் சொல்கிறார்களா, பிராணிகளைச் சொல்கிறார்களா என்று பிரிக்கத் தேவையில்லாத மொழியில் அவர்கள் பேசுகிறார்கள், பிரித்துப் பார்க்கவும் விரும்பவில்லை. இதைத் தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வழி கடைசியில் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது. கேஸ் சிலிண்டர் பற்றி மனைவியிடம் கேட்டேன், "வந்தாச்சு" என்றாள். கொண்டுவந்தது ஆணா பெண்ணா, வந்தது பொருளா ஆளா, எதுவும் அதில் இல்லை. வந்தாச்சு. இப்படி ஒரு ஓட்டை நம் மொழியில் இருப்பதே அதுவரை உறைக்கவில்லை. உடனே உட்கார்ந்து எல்லா இடங்களையும் மாற்றினேன். "ஆத்துலேர்ந்தே பின்னாடி வந்தாச்சு." "அவனைத் தூக்கியாச்சு." நம்மைப் பார்க்கிறார்கள் என்பது "நம்ம மேல கண்ணு இருக்கு" ஆனது. சில இடங்களில் எழுவாயையே மாற்றினேன். சத்தம் கிட்ட வருது, நாத்தம் கூடுது, குதிரைங்க முரண்டுது. சத்தம், நாற்றம், குதிரை, மூன்றும் அஃறிணை என்பதால் யாரும் சந்தேகப்பட முடியாது. எல்லாமே சரியாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். எத்தனை பேர் என்று கேட்கும் ஒரு இடத்தில் "எத்தனை இருக்கும்?" என்று வைத்தேன். இப்போது கேட்டாலும் கொஞ்சம் இடிக்கிறது.

அண்ணன் திரும்பி வந்து அந்த வரியைப் பேசினார். 'வந்தாச்சு'வின் கடைசி எழுத்தை மூச்சிலேயே கரைத்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்ஜினியர் ஒரு கணம் பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

விதவையின் கடைசி வரி மட்டும் பாக்கி. விடியற்காலையில் வாசலில் உட்கார்ந்தபடி, இரவு முழுக்க அழுகைச் சத்தம் கேட்டதைச் சொல்கிறாள். அழுததும் அதே பிரதிப்பெயர்தான். அழுவதற்கு 'ஆச்சு' ஒத்துவரவில்லை. கடைசியில், முதல் நாள் என்னை மாட்டிவிட்ட அதே சொல்லை எழுதினேன்: "ராத்திரி பூரா அதுங்க அழுதுச்சு." பெற்ற பிள்ளைகளைப் பற்றி அம்மாக்கள் அப்படித்தானே பேசுகிறார்கள்? பாவம், அதுங்க இன்னும் சாப்பிடலை, என்று.

அந்த அம்மாளுக்குக் குரல் கொடுத்த அக்கா தாளை இரண்டு முறை படித்தார்.

"அதுங்கன்னா யாரு? செத்துப்போன பிள்ளைங்களா, வெளியில இருக்கறதா?"

"தெரியலைக்கா."

"அவளுக்காவது தெரியுமா?"

"அவளுக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

"சரி, அப்ப ஓட்டுங்க" என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். ஒரே டேக். இன்ஜினியர் அதன் கீழே அம்மன் படத்துக் காற்றை மெல்ல ஏற்றினார்.