தகரத்துக்குக் கீழே இருந்த கொன்ட்ரோலர்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் பூட்டியதுதான் எங்கள் வீட்டுச் சோலர். 100 வொட் பெனல் ஒன்று, 12 வோல்ட் 100 அம்பியர்-அவர் ஈய அமில பெட்டரி, பெனலிலிருந்து பெட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சாதாரண பிடபிள்யூஎம் கொன்ட்ரோலர். மூன்று எல்ஈடி பல்ப், ஒரு ரேடியோ, போன் சார்ஜ் என்ற பாவனைக்கு அது தாராளம். ஆனால் போன வருஷத்திலிருந்து இரவு எட்டரைக்கே பல்ப் மங்கத் தொடங்கியது.

"இந்த மழையில சோலர் எங்க தம்பி வேல செய்யும்?" என்பாங்க அம்மா. மலையகத்தில், எங்கள் நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பகல் பன்னிரண்டு மணிக்கும் மலையில் மூட்டம் இறங்கி நிற்கும். அதனால் நானும் அதையே நம்பினேன். பெப்ரவரியில் நல்ல வெயில் அடித்தும் அதே கதை என்றபோதுதான் விடாமல் தேடத் தொடங்கினேன். பெட்டரி முடிந்துவிட்டது, மாற்றுங்கள் என்றார்கள் கடையில். மாற்றப் பணமில்லை, அளக்காமல் மாற்ற மனமுமில்லை.

முதலில் ஹைட்ரோமீட்டர். நிறைந்த பெட்டரி என்றால் அமிலத்தின் அடர்த்தி 1.265 அளவில் நிற்க வேண்டும். பெட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லிலும் 1.190தான். பாதி சார்ஜ். ஆறும் ஒரே அளவாகக் குறைந்திருந்ததால், செத்த செல் இல்லை, ஏறவேண்டியது ஏறவில்லை என்று பட்டது.

அடுத்த நாள் உச்சி வெயிலில் மல்டிமீட்டருடன் ஏணியில் ஏறினேன். கொன்ட்ரோலரை நாங்கள் பூட்டியிருந்தது கூரைத் தகரத்துக்கு ஒரு சாண் கீழே, குறுக்குச் சட்டத்தில். அதன் பெட்டரி முனையில் 14.1 வோல்ட். இறங்கி வந்து அறை மூலையில் பெட்டரியிலேயே வைத்துப் பார்த்தால் 12.9! நடுவில் 1.2 வோல்ட் காணாமல் போயிருந்தது. ஓடியது 4.8 அம்பியர். இரண்டுக்கும் நடுவே 9 மீற்றர், 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். போக வர 18 மீற்றர். அந்த வயரின் தடை கிட்டத்தட்ட 0.22 ஓம், அதிலேயே ஒரு வோல்ட் போய்விடும். மிச்சத்தைத் தின்றது பச்சை பூத்திருந்த முனை. கொன்ட்ரோலருக்கு இது தெரியாது. தன் முனையில் காண்பதைப் பெட்டரியின் வோல்ட் என்று எடுத்துக்கொண்டு, நிறைந்துவிட்டது என்று கையைச் சுருக்கிக்கொள்கிறது.

ஆனால் 25 பாகையில் இந்தக் கொன்ட்ரோலர் 14.4 வோல்ட் வரை ஏற்ற வேண்டும், அதற்குப் பதில் ஏன் 14.1? இதுதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடாத கேள்வி. கொன்ட்ரோலருக்குள்ளேயே ஒரு வெப்ப உணரி இருக்கிறது. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் குறைக்கும், கீழே இறங்கினால் அதே அளவு கூட்டும். ஆறு செல்லுக்கு 18. தகரத்தடியில் பகலில் 43 பாகை, கீழே பெட்டரி இருக்கும் மூலையில் 17. குளிரில் கிடக்கும் பெட்டரிக்கு 14.5 தேவை, இதுவோ மேலே வெந்துகொண்டு 14.1 கொடுக்கிறது. கொழும்பில் இதே பிழையைச் செய்திருந்தால் இவ்வளவு வித்தியாசம் வந்திராது. இங்கே கூரைக்கும் தரைக்கும் நடுவிலேயே இரண்டு காலநிலை.

செய்தது ஒரே வேலை: கொன்ட்ரோலரைக் கீழே இறக்கினேன். பெனலைப் பழைய படங்கால் மூடி, முதலில் பெனல் வயரையும் பிறகு பெட்டரி வயரையும் கழற்றினேன். பூட்டும்போது பெட்டரிதான் முதல். பெட்டரிக்கு நேர் மேலே வைக்கவில்லை, ஆவி ஏறும்; பக்கச் சுவரில், 6 சதுர மில்லிமீற்றர் வயரில் இரண்டடி தூரம், நடுவே ஒரு பியூஸ். பழைய மெல்லிய வயர் இப்போது பெனல் பக்கம். பெனல் 18 வோல்ட் அளவில் தரும் என்பதால் அங்கே ஒரு வோல்ட் போனாலும் நட்டமில்லை. முனைகளைச் சோடாத்தூள் கரைசலால் கழுவித் துடைத்து வசலின் பூசினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டரி முனையிலேயே 14.5 காட்டியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு வாரம் கழித்து ஐந்து செல் 1.250க்கு வந்துவிட்டது. ஒன்று மட்டும் 1.225. நெடுநாள் குறைச் சார்ஜில் கிடந்ததில் தகட்டில் சல்பேட் இறுகியிருக்கலாம். டிஸ்டில் வோட்டர் நிரப்பி, சன்னலைத் திறந்து வைத்து, எல்லாச் செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வழமையைவிடக் கூடிய வோல்ட்டில் ஏற்றும் ஈக்குவலைஸ் சார்ஜ் ஒன்று கொடுத்துப் பார்க்கப் போகிறேன். நேற்று இரவு பத்தரைக்குப் பல்பை அணைத்தபோது 12.5 வோல்ட் நின்றது.